இவர் எங்களவர் அல்லர்

கடிதத்தை முதலில் படித்தது அவன் மனைவிதான். பேக்கரியில் காலை ஷிஃப்ட் முடித்து வந்தவள், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து, அங்கேயே நின்று கிழித்துப் படித்திருக்கிறாள். பிறகு மாடியேறி வந்து அதை மேசைமேல் அவன் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனாள். வழக்கமாகத் தண்ணீர்க் கட்டணச் சீட்டைக்கூட வாசித்துக் காட்டுகிறவள் அவள். அவள் வாய் திறக்காமல் போனதும் அவனே கடிதத்தை எடுத்துப் படித்தான்.

நீண்டகால வசிப்பு அனுமதிக்கு அவன் போட்ட விண்ணப்பம் பற்றிய கடிதம். விண்ணப்பத்தில் தன் குடியுரிமை என்று ஒரு நாட்டை எழுதியிருக்கிறான். நேர்காணலில் இன்னொரு நாட்டைச் சொல்லியிருக்கிறான். அந்த இன்னொரு நாட்டின் குடிமகன் தான் இல்லை என்பதற்கு, அந்த நாட்டிடமிருந்தே எழுத்தில் சான்று வாங்கி முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் உண்மையை மறைத்ததாகக் கொண்டு விண்ணப்பம் தள்ளப்படும். ஐந்து வருடத்துக்கு மறுபடி போட முடியாது.

கடிதம் சொன்ன அந்த இன்னொரு நாடு, அவன் மனைவியின் நாடு.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்றான்.

"நான்தான் உங்களைக் கேக்கணும்," என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது. "உள்ள போய் உக்காந்தது நீங்க."

எங்கே சொன்னான் என்று அவனுக்குத் தெரியும். கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கேட்டது, தெரிந்ததை ஒரு நிமிடம் தள்ளிப்போடத்தான்.

நேர்காணல் அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மேசைமேல் ஒரு தொலைபேசி. பன்னிரண்டு மாடி லிஃப்டில் என்ன கோளாறு என்று இந்நாட்டு மொழியில், லிஃப்ட் மெக்கானிக்கான அவனால் விளக்க முடியும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. தொலைபேசியின் ஸ்பீக்கரில் ஒரு தமிழ்ப் பெண்குரல், பலத்த ஜலதோஷத்தோடு. நாற்பது நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் அதிகாரி எதையோ எடுக்க இழுப்பறைக்குள் குனிந்துகொண்டே சுருக்கமாக ஒன்று கேட்டாள். அவன் காதில் சரியாக விழவில்லை. குரல் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னது: "உங்க சொந்த ஊர் எதுன்னு கேக்கறாங்க."

எந்த நாட்டுக்காரர் என்றுதான் அதிகாரி கேட்டிருக்க வேண்டும். ஆனால் சொந்த ஊர் என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? அவன் பிறந்து வளர்ந்து பாஸ்போர்ட் வாங்கிய இடத்துக்கு அவர்கள் வீட்டில் 'இங்க' என்றுதான் பெயர். 'ஊர்' என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம். அப்பாவை மூன்று மாதக் கைக்குழந்தையாகத் தாத்தா எங்கேயிருந்து தூக்கிக்கொண்டு கப்பலேறினாரோ அந்த இடம். அப்பாவுக்கே அது நினைவில்லை. அவன் ஒருமுறைகூட மிதித்ததில்லை. ஆனால் அவன் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் அந்த ஊர்தான் அச்சாகியிருந்தது. கேட்டதும் சட்டென்று அதைச் சொன்னான்.

"அட, அந்த ஊரா?" என்றது குரல். "எங்க அக்காவைப் பக்கத்து ஊர்லதான் குடுத்திருக்கு." பிறகு அதிகாரியிடம் ஊர் பேரையும் அது இருக்கிற நாட்டின் பேரையும் சொன்னது. அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

அப்போது அவன் சிரித்தான். இப்போது நினைத்தால் அதுதான் உறுத்தியது. அந்த அறையில் முதன்முதலாகத் தன்னை யாரோ தெரிந்துகொண்டதைப் போல, பல் தெரியச் சிரித்தான்.

*

சாயங்காலம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், லிஃப்ட் கம்பெனியில் அவனோடு சேர்ந்து வேலை பார்ப்பவர், அந்தப் பழக்கத்தில் தங்கையையும் கொடுத்தவர். அனுமதிச் சட்டம் முழுவதும் விரல் நுனியில் வைத்திருப்பதால் வேலையிடத்தில் அவருக்கு வக்கீல் என்று பெயர். கடிதத்தை இரண்டுமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்ள, நான் முப்பது வருஷம் அந்த நாட்டுல இருந்தவன். அந்த ஊருக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போயிருக்கேன். நானே அதைச் சொந்தம்னு சொன்னதில்ல. நீ ஒரு தடவைகூட மிதிக்காம உரிமை கொண்டாடிட்டு வந்திருக்க."

"அண்ணா, கிண்டல் வேணாம்," என்றாள் அவள்.

"கிண்டல் இல்லம்மா. அவங்க எப்படிப் பாப்பாங்கன்னு யோசி. நம்ம நாடு முதல் பட்டியல். நாலு வருஷம் இருந்தா போதும், மூணு பக்கம் ஃபாரம், நாலு மாசத்துல கார்டு. உனக்கு வரல? எனக்கு வரல? இவன் நாடு ரெண்டாம் பட்டியல். எட்டரை வருஷம் இருக்கணும், பதினாலு பக்கம் ஃபாரம், போன இடமெல்லாம் போலீஸ் சர்டிபிகேட். ரெண்டாம் பட்டியல்காரன் ஒருத்தன் வந்து, நான் முதல் பட்டியல்னு வாய்தவறிச் சொன்னா, ஒண்ணு பொய் சொல்லிக் குறுக்கு வழியில வரான், இல்ல ரெண்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கான். அவங்களுக்கு மூணாவதா ஒண்ணு தோணாது."

"சொந்த ஊர்னா என்னன்னு எழுதிக் குடுத்தா?"

"யாருக்கு மாப்ள எழுதுவ? அவங்க பாஷையில ஊர்ங்கறதுக்கு வார்த்தையே கிடையாது. ஒண்ணு நாடு, இல்லன்னா விலாசம்."

மனைவியின் கார்டு கணவனுக்கு ஒட்டாது என்பது அவனுக்கு முன்பே தெரியும். இங்கே ஆளுக்கு ஆள் தனிக் கோப்பு, கோப்பு போகும் வழியைத் தீர்மானிப்பது பாஸ்போர்ட். அவன் வேலை அனுமதிக்கு உச்சவரம்பு ஒன்பது வருடம். அது முடிய இன்னும் ஆறு வாரம். அதற்குள் கோப்பு முழுமையாகிவிட்டால் ஒரு சீட்டு தருவார்கள். முடிவு வரும்வரை அந்தச் சீட்டைக் காட்டி வேலை பார்க்கலாம், தங்கலாம். சீட்டு வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏழு வருடக் கல்யாணத்தில் அவள் ஒரு நாட்டில், அவன் ஒரு நாட்டில்.

மச்சான் போன பிறகு இருவரும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறியது. அவள் எழுந்து போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அது மறுபடியும் ஆறியது.

*

அப்பாவுக்குப் போன் செய்தான். அவர் அவன் பிறந்த நாட்டில், அவன் அக்கா வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், குரல் அதற்கு ஈடுகட்டுகிற சத்தம்.

"அப்பா, ஊர்ல நம்ம வீடு எந்தத் தெரு?"

"எதுக்குப்பா கேக்கற?"

"ஒரு ஃபாரம். எழுதணும்."

"குளத்து மேல்தெரு. எங்கப்பா அப்படித்தான் சொல்வார். மேல்தெருவுல கடைசிக்கு முந்தின வீடு. எழுதிக்கிட்டியா? தாத்தா பேரு சரியா எழுது, நடுவுல ஒரு 'ய்' வரும்." பிறகு குரல் இறங்கியது. "ஊருக்கு எழுதப் போறியா?"

"ஆமாப்பா," என்றான். அது பொய்யில்லை.

*

மனைவியின் நாட்டுத் தூதரகம் ஒரு பல்பொருள் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. அவள் லீவு போட்டுவிட்டு அவனோடு வந்திருந்தாள். காவலாளி பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்தே ஆளைப் பிரித்தான்: அவளுக்கு இடப்பக்கம், குடிமக்கள், அவனுக்கு வலப்பக்கம், மற்றவர்கள். நடுவில் ஒரு கயிறு. அந்தப் பக்கத்திலிருந்து அவள், தண்ணீர் பாட்டிலைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினாள்.

வலப்பக்கச் சன்னலில் இருந்தவர் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

"சொல்லுங்க. விசாவா?"

"இல்ல சார். நான் உங்க நாட்டுக் குடிமகன் இல்லன்னு ஒரு லெட்டர் வேணும்."

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்தார். "இல்லன்னா?"

"இல்லன்னுதான் சார்."

"ஆமான்னு எழுதிக் குடுங்கன்னு தினமும் அம்பது பேர் வந்து நிக்கறாங்க. இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்." ஃபாரத்தைத் தேடி எடுத்து ஊதித் தூசி தட்டினார். "ஆமா, இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க, அப்பா எங்க பிறந்தார்?"

இதே மாதிரி ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலில்தான் இவ்வளவும் ஆயிற்று. சன்னல்காரர் காத்திருந்தார். பின்னால் வரிசை இருமியது.

"அங்கதான் சார்," என்றான் கடைசியில்.

"அப்ப நீங்க எங்க ஆளுதானே."

"இல்லன்னு எழுதிக் குடுங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "பாருங்க தம்பி. ஆறாவது கட்டத்துல, தகப்பனார் பிறந்த ஊர்னு இருக்கு. தெரியாதுன்னு போட்டா, எங்க கம்ப்யூட்டர்ல உங்க பேரைத் தட்டிப் பாத்துட்டு மூணு நாள்ல குடுத்துடுவோம். ஊர் பேரைப் போட்டீங்கன்னா விதிப்படி ஊருக்கே விசாரணைக்கு அனுப்பணும். கிராம அதிகாரி எழுதணும், அவருக்கு மேல இருக்கறவர் கையெழுத்துப் போடணும், அப்புறம் இங்க வரணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம்," என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருபத்தொன்று. கணக்கு ஒரு மயிரிழை இடம்விடாமல் பொருந்தியது.

அவன் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு ஓரத்து மேசைக்குப் போனான். ஒன்று முதல் ஐந்து வரை எழுதினான். ஆறாவது கட்டம் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. தெரியாது என்று எழுத அது போதும். அப்பாவின் அப்பா பெயரில் நடுவில் வரும் 'ய்' உள்பட எல்லாம் தெரிந்திருந்தும் தெரியாது என்று எழுதலாம். அப்பா பார்க்கப் போவதில்லை. ஆனால் அனுமதி அலுவலகத்துக் கோப்பில் அந்த ஊர் பேர் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஒரு தாளில் ஊர், இன்னொரு தாளில் தெரியாது என்றிருந்தால் அதற்கு இன்னொரு கடிதம் வரும். ஊர், தெரு, தாத்தா பேர் மூன்றையும் பயந்துதான் எழுதினான். பிறகு பலநாள் அதையே உருட்டிப் பார்த்தபோதும் பயந்துதான் எழுதியதாகத் தனக்குச் சொல்லிக்கொண்டான். இருந்தாலும் ஒரு சந்தேகம் போகவில்லை. கோப்பைப் பற்றிய நினைப்பு வருவதற்கு முன்பே கை முதல் எழுத்தைப் போட்டுவிட்டதோ என்று.

"முடிஞ்சுதா?" என்று கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்.

"முடிஞ்சுது. மூணு வாரம்."

*

அந்த மூன்று வாரமும் அவன் சரியாகத் தூங்கியதாக யாரும் சொல்ல முடியாது. தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். பதினொன்றரைக்கு அவன் ஏதாவது ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் இருப்பான். பன்னிரண்டு மணிக்கு அவள் பேக்கரியிலிருந்து திரும்பிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன் செய்வாள். "இல்ல," என்பாள். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் அந்த 'இல்ல'வும் இல்லாமல் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், அதுவே பதில்.

கடிதம் வந்த பதினாறாம் நாள் ஒரு மருத்துவமனை லிஃப்ட். தளத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது, சக்கர நாற்காலி இடறுகிறது என்று புகார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை செய்வதற்கு முன்னால் ஒரு சுவிட்சைத் திருப்ப வேண்டும். திருப்பினால்தான் கீழே யாராவது பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் நகராது. ஒன்பது வருடத்தில் அவன் அதை மறந்ததில்லை. அன்று மறந்து ஒரு காலைக் கூரைமேல் வைத்தான். மச்சான் பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். லிஃப்ட் ஒரு முனகலோடு கீழே இறங்கிப் போனது.

மச்சான் மூச்சு வாங்கினார். கீழே விழுந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "இங்க செத்தா எந்தப் பட்டியல்ல சேப்பாங்கன்னு நான் இன்னும் படிக்கல மாப்ள. கொஞ்சம் பொறு."

அவன் சிரிக்க முயன்றான். எழுந்து போய் அந்தச் சுவிட்சைத் திருப்பினான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அவள் சமைக்கவில்லை. நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தூதரகத்துக்குப் போன் பண்ணேன்," என்றாள். "எங்க நாடுதானே, நான் கேட்டா சொல்வாங்கன்னு. அந்த பேனா மூடிக்காரர்தான் எடுத்தார். தெரியாதுன்னு போட்டிருந்தா மூணு நாள்ல கிடைச்சிருக்குமாமே."

அவன் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

"போட வேண்டியதுதானே?"

"கோப்புல ஊர் பேர் இருக்கு. மாத்திச் சொன்னா மாட்டிக்குவேன்."

"அவங்க கேட்டது குடிமகன் இல்லங்கற லெட்டர். உங்கப்பா எங்க பிறந்தார்னு அதுல வரவே வராதாம், அதையும் கேட்டுட்டேன்." அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த ஊர்ல இப்ப உங்களுக்கு யாரு இருக்கா? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். தாத்தா பேரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"இங்க உங்களுக்கு யாரு இருக்கான்னும் ஒரு ஃபாரத்துல கேட்டாங்களே," என்றாள். "அதுல என் பேர் இருக்கு."

அதற்குமேல் இரண்டு நாள் அந்த வீட்டில் வேண்டிய வார்த்தைகள் மட்டும் புழங்கின. உப்பு. சாவி. இல்ல.

*

இருபத்தொன்பதாம் நாள், பன்னிரண்டேகாலுக்கு, அவள் கூப்பிட்டாள். "வந்திருக்கு," என்றாள். "பிரிக்கல. நீங்க வாங்க."

உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாள் தூதரக முத்திரையோடு இந்நாட்டு மொழியில்: மேற்படி நபர் எமது குடிமகன் அல்லர், அதற்கான பதிவு எதுவும் எம்மிடம் இல்லை. அதைத்தான் அவன் கேட்டிருந்தான். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது தாள் கிராம அதிகாரியின் அறிக்கை, தமிழில், நீல மையில், கையால் எழுதியது.

'மேற்படி நபரின் பாட்டனார் பெயரில் இக்கிராமத்தில் வீடோ நிலமோ இல்லை. குளத்து மேல்தெருவில் வீடு வீடாக நேரில் விசாரித்ததில், இப்பெயருடைய குடும்பம் இங்கு வாழ்ந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. தெருவின் மூத்தவர் இருவரையும் விசாரித்தேன். தெரியாது என்றனர்.'

அவள் அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். படித்து முடித்தும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நல்லதுதானே," என்றாள் மெல்ல. "இதான் வேணும்."

"ஆமா," என்றான். "இதான் வேணும்."

மறுநாள் காலை அனுமதி அலுவலகம் திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். சன்னலில் இருந்த அதிகாரி முதல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுக்குத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். கணினியில் எதையோ தட்டினாள். எங்கோ உள்ளே அச்சு இயந்திரம் இருமி, ஒரு தாளைத் துப்பியது. சீட்டு. அதில் அவன் படம், பேர், நாடு. அவனுடைய நாடுதான், சரியான நாடு. முடிவு வர பதினெட்டு மாதம் வரை ஆகலாம். அதுவரை வேலை பார்க்கலாம், தங்கலாம். அதுவரை இந்த நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறந்த தேதியை இரண்டுமுறை பார்த்தாள். "பதினெட்டு மாசம்," என்றாள். "அதுக்கப்புறமும் இல்லன்னு சொல்லலாம்."

"சொல்லலாம்."

"சரி. முதல்ல நான் அண்ணனுக்குச் சொல்றேன்," என்று அவள் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

அவன் பையில் போன் அதிர்ந்தது. அப்பா.

"என்னப்பா, ஊருக்கு எழுதினியே, பதில் ஏதாவது வந்துச்சா?"

அவன் இவ்வளவு நாளும் இந்தக் கேள்வியை எதிர்பார்க்காமல் இருந்துவிட்டான். நீல மைத் தாள் சட்டைப் பையில் நாலாக மடிந்து இருந்தது.

"வந்துச்சுப்பா. கிராம அதிகாரி கையால எழுதியிருக்கார்."

"கையாலயா? என்ன எழுதியிருக்கார்?"

பேருந்து ஒன்று வந்து நின்று, ஆளில்லாமல் போனது. அவர்களுடைய பேருந்து அது இல்லை.

"விசாரிச்சிருக்காங்கப்பா," என்றான்.

"விசாரிச்சாங்களா? நம்மளையா?"

"ஆமா. மேல்தெருவுல வீடு வீடா விசாரிச்சிருக்காங்க."

மறுமுனை அமைதியாக இருந்தது. காது மந்தத்தால் கேட்கவில்லையோ என்று அவன் திரும்பச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எப்ப வருவ? எனக்கும் எழுபத்தஞ்சு ஆகுது."

"அடுத்த வருஷம்பா. அதுக்கடுத்த வருஷம் கண்டிப்பா."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. போனை வாயிலிருந்து விலக்கிவிட்டார். தூரத்தில், அக்கா வீட்டுக் கூடத்தில் யாரிடமோ அவர் உரக்கச் சொல்வது கேட்டது: "ஊர்ல நம்மளை விசாரிச்சாங்களாம். வீடு வீடா."